பெட்டி காலியாக இருந்ததா?

கேள்வி: கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். நாடகமும் கதைசொல்லலும் எங்களுக்கு ஒரு தாள். இந்தப் பருவத்தில் வகுப்புக்கு முன்னால் மூன்று முறை நிற்க வேண்டியிருந்தது. முதலில் இருவர் நடிக்கும் காட்சி. வீட்டைவிட்டுப் போகும் அக்காவாக நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு "இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. அடுத்த நிமிடம் தங்கையாக நடித்த தோழி வசனம் மறந்து நின்றாள். இரண்டாவது, 5 நிமிடக் கதைசொல்லல். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்றாவது, ஒரு சிறுகதையைப் பார்த்து வாசித்தது. அது நன்றாகப் போனது, அதனால் எழுத ஒன்றும் இல்லை. இந்த மூன்றையும், பார்த்த ஒரு நாடகத்தையும் பற்றி 1500 சொற்களில் அனுபவக் கட்டுரை தர வேண்டும். முதல் வரைவைப் பார்த்த ஆசிரியர், "நடந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள், யோசித்ததைக் காணோம்" என்று திருப்பித் தந்துவிட்டார். யோசித்ததை எப்படி எழுதுவது? சொதப்பியதையும் எழுதலாமா?
முதலாமாண்டு மாணவி

பதில்: சொதப்பியதைத்தான் முதலில் எழுத வேண்டும். அந்தச் சிரிப்பில் இருக்கும் சரக்கு உங்கள் கடிதத்தில் வேறெங்கும் இல்லை.

உங்கள் வரைவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "எனக்குப் பதற்றமாக இருந்தது. மேடையேறியதும் பயம் போய்விட்டது. சில தவறுகள் நடந்தாலும் நிறையக் கற்றுக்கொண்டேன்." இதன் கீழே வகுப்பில் யார் பெயரை எழுதினாலும் பொருந்தும், அதுதான் சிக்கல். ஆசிரியர் தேடுவது நான்கு கண்ணிகள் உள்ள ஒரு சங்கிலி: என்ன செய்வதாகத் தீர்மானித்தீர்கள், மேடையில் உண்மையில் என்ன செய்தீர்கள், பார்த்தவர்களிடம் என்ன நடந்தது, அது ஏன் நடந்தது. நான்காவதுதான் யோசனை. முதல் மூன்றும் துல்லியமாக இல்லாவிட்டால் நான்காவது கைக்கு வராது. "பதற்றம்தான் காரணம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

சிரிப்பை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை, சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு இடங்கள். நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியலாக இதை விட்டுவிடாமல், உங்கள் காட்சியை விசாரிக்கும் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பெண் திடீரென்று அக்கா குரலில் பேசுகிறாளே என்று சிரித்தார்களா? அது எள்ளல். இந்த வகை பெரும்பாலும் காட்சி தொடங்கியதும் வந்து அடங்கிவிடும், உங்களுக்கோ நடுவில் வந்திருக்கிறது. அக்காவின் கோபம் சிறுபிள்ளைக் கோபமாகத் தெரிந்ததா? அது இளமை. பார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று மேடையில் இருப்பவருக்கு மட்டும் தெரியவில்லையா? அது பேதைமை. ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த இடம் வந்ததும், தேவை இருக்கிறதோ இல்லையோ, கை தானாகப் பெட்டிக்குப் போனதா? கொண்டது விடாமை என்று உரைகள் சொல்லும் மடன் அது.

இங்கே ஒரு சந்தேகம். பெட்டி காலியாக இருந்ததா?

வகுப்பு நாடகங்களில் பெட்டி, குடம், மூட்டை எல்லாம் பெரும்பாலும் காலிதான். காலிப் பெட்டியைத் தூக்கும்போது தோள் இறங்காது, உடல் எதிர்ப்பக்கம் சாயாது, முதல் அடி தடுமாறாது. வாய் "இனி வரமாட்டேன்" என்கிறது. கையோ உள்ளே ஒரு துணிகூட இல்லை என்று ஊருக்கே சொல்லிவிடுகிறது. வகுப்புக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியவில்லை. பழைய புத்தகங்களாக 5 அல்லது 6 கிலோ உள்ளே வைத்து, ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே அதைத் தூக்கிப் பழகியிருக்க வேண்டும். கனம் இருந்தால் நடையும் மூச்சும் தாமாக மெதுவாகும், அதைத் தனியாக நடிக்க வேண்டியதில்லை.

பெட்டி கனமாகத்தான் இருந்தது என்றால் வசனத்துக்கும் செயலுக்கும் உள்ள வரிசையைப் பாருங்கள். தூக்கிவிட்டுப் பேசும் அக்கா ஏற்கெனவே முடிவெடுத்தவள். பேச்சு வெறும் தகவல். பேசிவிட்டுத் தூக்குபவள் தங்கை தடுப்பாளா என்று ஒரு கணம் காத்திருக்கிறாள். பேசிக்கொண்டே தூக்கினால் எல்லார் கண்ணும் பெட்டிக்குப் போய்விடும், வசனம் பாதிதான் காதில் விழும். அசைவு எப்போதும் சொல்லை முந்திக்கொள்ளும். இந்த மூன்றில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்திருக்கலாம் என்று எழுதினால் அதுவே அரைப் பக்கம் வரும். இன்னும் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த வரியைச் சொல்லும்போது உங்கள் உதட்டிலேயே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததா? நடிப்பவர் சிரித்தால் பார்ப்பவர் சிரிக்க அனுமதி கிடைத்த மாதிரி.

யாராவது போனில் படம் பிடித்திருந்தால் வாங்கி இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு. கை, கண், எடை மட்டும் தெரியும். அடுத்த முறை போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் உங்கள் மூக்கும் தலைமுடியும்தான் கண்ணில் படும். படம் இல்லையென்றால் பார்த்த இரண்டு பேரைக் கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்பதற்கு மேல் எதுவும் வராது. "பெட்டியைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?" என்பது மாதிரி ஒரே விடை உள்ள கேள்வியாகக் கேளுங்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கிய விமரிசன முறையிலும் பார்வையாளர் தன் அபிப்பிராயத்தைச் சொல்வது நான்காவது படியில்தான், அதுவும் கலைஞர் சம்மதித்தால். அதற்கு முன் பார்த்தவர்கள் தங்கள் மனதில் தைத்தது எது என்று சொல்கிறார்கள், கலைஞர் தன் கேள்விகளைக் கேட்கிறார், பிறகு பார்த்தவர்கள் சார்பில்லாத கேள்விகளைக் கேட்கிறார்கள். வகுப்பில் நான்கு பேர் உட்கார்ந்து 15 நிமிடத்தில் செய்துவிடலாம்.

இனி அந்தப் பகுதி இப்படி வரலாம்: "தங்கை அழத் தொடங்கியதும் நான் பெட்டியைத் தூக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். மேடையில் அவள் அழுவதற்கு முன்பே தூக்கிவிட்டேன். பெட்டி காலி, இரண்டு விரலில் தொங்கியது. அதே கணத்தில் வசனத்தையும் சொன்னேன். முன்வரிசையில் சிரிப்பு தொடங்கியது. வசனத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். அக்கா எங்கேயும் போகப்போவதில்லை என்று என் கை சொன்னதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள்." இதில் "பதற்றம்" என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை, கவனியுங்கள்.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த ஆறு படிகளை (விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம்) உங்கள் துறையிலும் கொடுத்திருக்கலாம். பயனுள்ளதுதான். ஆனால் மாணவர்கள் கையில் விவரிப்பும் உணர்வும் மட்டும் வீங்கி, பகுப்பாய்வு இரண்டு வரியில் வற்றிவிடுகிறது. உணர்வுக்கு இரண்டு வாக்கியம் போதும்.

கதைசொல்லல் இரண்டரை நிமிடத்தில் முடிந்ததற்கு வேகத்தை மட்டும் பழிக்காதீர்கள். வேகமாகப் பேசினால் 5 நிமிடம் 4 ஆகும். பாதியாகக் குறைந்தது என்றால் பெரும்பாலும் ஏதோ விடுபட்டிருக்கிறது. கதையைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நடக்கும். அடுத்த வரி நழுவிவிடுமோ என்ற பயத்தில் மௌனத்தையும் கேட்பவர் முகத்தைப் பார்ப்பதையும் முதலில் கைவிடுவார்கள். நடுவில் ஒரு வரி மறந்தால் அடுத்து நினைவில் நிற்கும் வரிக்குத் தாவிவிடுவார்கள். கதையின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளதை ஆறேழு படங்களாக ஒரு தாளில் கிறுக்கிக்கொள்ளுங்கள்: கிணறு, கிணற்றடியில் கிழவி, அறுந்த கயிறு என்று. 5 நிமிடத்துக்கு ஏழு படம் என்றால் ஒன்றுக்கு நாற்பது விநாடி சொச்சம். படத்தைப் பார்த்துச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறும், மாறட்டும். எழுத்துத் தமிழில் மனப்பாடம் செய்த கதை ஒப்பிப்பது போலவே கேட்கும். "அவன் கூறினான்" என்று யாரும் யாருக்கும் கதை சொல்வதில்லை.

பாத்திரமாகவே மாறி நடித்துக் காட்ட வேண்டுமா என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தன் "தெருக்காட்சி" கட்டுரையில் ஒரு விபத்தைப் பார்த்த சாட்சியை எடுத்துக்காட்டுகிறார். சாட்சி ஓட்டுநராக ஆகிவிடுவதில்லை. வண்டி எப்படித் திரும்பியது, அடிபட்டவர் எப்படி நடந்து வந்தார் என்று சுற்றி நிற்பவர்களுக்கு விளங்கும் அளவுக்குச் செய்துகாட்டுகிறார். கதைசொல்லிக்கு அந்த அளவு போதும். இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொண்டால் ஒருவருக்கு வலப்பக்கமாகவும் இன்னொருவருக்கு இடப்பக்கமாகவும் கண்ணைத் திருப்பினாலே போதும். உடம்பையே திருப்பினால் பாதி வகுப்புக்கு முதுகுதான் தெரியும்.

நன்றாகப் போன வாசிப்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்கிறீர்கள். ஏன் நன்றாகப் போனது? அதற்கும் காரணம் இருக்க வேண்டுமே. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். "அவள் அந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் பிரிக்க..." என்று குரல் தேய்ந்தால், பிரித்தாளா, பிரிக்கவில்லையா என்பதே காற்றில் போய்விடும். பெயர்ச்சொல்லை அழுத்திவிட்டு வினையை விழுங்குவதுதான் வாசிப்பில் மிகப் பரவலான கோளாறு. நீங்கள் அதைச் செய்யவில்லையென்றால், மூச்சை எங்கே எடுத்தீர்கள் என்று தாளில் தேடிப் பாருங்கள். குறி போடாமலே சரியாக வந்திருந்தால் அது அதிர்ஷ்டம். அடுத்த முறை சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, மூச்சுக்கு இரண்டு சாய்கோடு, வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு என்று போட்டுக்கொள்ளுங்கள். மூன்று சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் எதற்குமே அழுத்தம் இருக்காது. வினை வந்து முடிந்த பிறகு தலை நிமிர வேண்டும். நடுவில் நிமிர்ந்தால் திரும்பி வரும்போது வரி தொலையும். இடக்கைக் கட்டைவிரல் ஓரத்தில் வரியோடு இறங்கிக்கொண்டே வந்தால் அந்தப் பயமும் இல்லை.

பார்த்த நாடகத்துக்கு நிறைய இடம் வேண்டாம். கதைச் சுருக்கம் இரண்டு வரி; பிறகு ஒரே ஒரு மேடைத் தீர்மானம். ஒரு மௌனம், ஒரு என்ட்ரி, விளக்கு அணைந்த ஒரு விதம், எதுவானாலும் சரி. அதை உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த நடிகர் கையில் இருந்த பொருளுக்கு எடை இருந்ததா?

1500 சொற்களை மூன்று நிகழ்ச்சிக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். பெட்டிக்கு 550, கதைக்கு 350, வாசிப்புக்கு 250, நாடகத்துக்கு 200, அடுத்த முறை செய்யப்போவதற்கு 150 என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். அடுத்த பருவத்தில் குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள், பத்து நிமிடம் போதும். மாஸ்கோ கலை அரங்கை 1898-ல் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 14 வயதிலேயே தன் நடிப்பைப் பற்றிக் குறிப்பேடு எழுதத் தொடங்கியவர். இரண்டு நாள் கழித்து எழுதினால் நடந்தது போய், நடந்திருக்க வேண்டியதுதான் ஞாபகத்தில் இருக்கும்.

தோழி வசனம் மறந்ததையும் எழுதலாம், அவர் பெயர் இல்லாமல். தன் வரிகளை மட்டும் படித்தவர்களுக்கு இப்படி ஆகும்: வசனம் தெரியும், அது எப்போது வர வேண்டும் என்று தெரியாது. எதிராளி பேச்சின் கடைசி மூன்று சொற்களோடு சேர்த்துத்தான் வசனத்தைப் படிக்க வேண்டும், அதுவும் நடந்துகொண்டே. உட்கார்ந்து படித்த வசனம் எழுந்து நடக்கும்போது சட்டென்று கைவிட்டுவிடும். நீங்கள் உங்கள் வரியை எழுதியிருந்தபடியே சொன்னீர்களா, சிரிப்பில் கடைசிச் சொற்களை விழுங்கிவிட்டீர்களா என்றும் பாருங்கள். அவர் தன் வசனத்தைத் தொடங்கக் காத்திருந்த க்யூ, அதாவது அடையாளச் சொல், அதில் போயிருக்கலாம். எப்படியானாலும் கட்டுரையில் அவருடைய மறதிக்கு ஒரு வரி போதும். அவர் வாயடைத்து நின்ற அந்த நான்கைந்து விநாடி நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஆசிரியரைப் பார்த்தீர்களா, தரையைப் பார்த்தீர்களா, அக்காவாகவே இருந்து தங்கையைப் பார்த்தீர்களா?