கரண்டி போன்ற கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மானிய ஓவியர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். முகங்கள் மொத்தையாக இருக்கின்றன. கைகள் வரையத் தெரியாதவர் வரைந்தது போல. 31 வயதில் இறந்தார், ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே அவருக்காக இரங்கற்பா எழுதினார் என்பதால் வந்த புகழா இது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் சொல்லும் இதே குறையை 1903லேயே ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கைகள் கரண்டி போல இருக்கின்றன, வாய் புண் போல இருக்கிறது என்று. எழுதியவர் பவுலாவின் கணவர் ஓட்டோ மோடர்ஸோன், அன்றே பெயர்பெற்ற நிலக்காட்சி ஓவியர். மனைவியின் வண்ணங்களை மனதார மெச்சியவர். அவருக்கே அப்படித் தோன்றியதென்றால் உங்கள்மேல் என்ன தப்பு?

ஆனால் பவுலாவுக்கு வரையத் தெரியும். பெர்லினில் முறையாகப் பயின்றவர், பாரிஸில் உடற்கூறு வகுப்புக்குப் போனவர். தொடக்க காலத்துக் கரிக்கோல் சித்திரங்களைத் தேடிப் பாருங்கள், கிழவிகளின் கன்னச் சுருக்கம் ஒன்றுகூடத் தப்பியிருக்காது. அந்தத் திறமையைத்தான் அவர் பிறகு தெரிந்தே ஒதுக்கிவைத்தார். பண்டை எகிப்தின் மம்மி முகச்சித்திரங்களும் பிரெஞ்சு ஓவியர் செசானும் அவரை அந்தப் பக்கம் இழுத்தார்கள். முகத்தில் ஓடி மறையும் பாவனைகள் போகட்டும், அடியில் இருப்பது போதும் என்று முடிவுசெய்தார். ஈர வண்ணத்தைத் தூரிகைக் காம்பால் கீறிக் கீறி வரைந்த பரப்பு அது. கைபேசித் திரையில் அந்தக் கீறல் தெரியாது, வழுவழுப்பாகிவிடும். பெரிய அச்சுப் பிரதி கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

நிலக்காட்சியிலும் இப்படித்தான். ஜெர்மனியின் பிரேமன் நகருக்குப் பக்கத்தில் வோர்ப்ஸ்வேட என்ற சதுப்பு நிலக் கிராமம். அங்கே கூடிய ஓவியர்கள் பரந்த வானத்தையும் அந்தி மயக்கத்தையும் வரைந்தார்கள். பவுலாவின் படத்தில் ஒரு பிர்ச் மரத்தின் வெள்ளை அடிமரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

ரில்கே விஷயத்தில் உங்களோடு எனக்கு முழு மறுப்பு. வோர்ப்ஸ்வேட ஓவியர்களைப் பற்றி அவர் 1903இல் ஒரு நூலே வெளியிட்டார். ஐந்து ஆண்களுக்கு அதில் இடமிருந்தது, பவுலாவுக்கு இல்லை. இரங்கற்பாவை எழுதியது பவுலா இறந்த மறு வருடம், அதிலும் அவருடைய பெயர் கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தவர், உயிரோடிருந்தபோது விற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1907 நவம்பரில், மகள் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். 1937இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய படங்களை அகற்றினார்கள். இத்தனையையும் தாண்டி அந்தப் படங்கள் நின்றிருக்கின்றன.

1906 மே 25, அவருடைய திருமண நாள். கணவரை விட்டுப் பாரிஸில் தனியே இருந்தார். அன்று தன்னையே வரைந்தார்: இடுப்பில் வெள்ளைத் துணி, கழுத்தில் அம்பர் மணிமாலை, மேலே ஆடையில்லை. ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை கீழே. வயிறு சூல்கொண்டது போல மேடிட்டிருக்கிறது, அப்போது அவர் கர்ப்பமில்லை. கையெழுத்து ‘பி.பி.’ (பவுலா பெக்கர்) மட்டும், கணவர் பெயரின் எழுத்து இல்லை. அந்த முகத்தில் கெஞ்சலும் இல்லை, சவாலும் இல்லை. தலையை லேசாகச் சாய்த்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசி வருடத்தில் வரைந்த ஏழைகள் விடுதிக் கிழவியையும் ஒருமுறை பாருங்கள். சுற்றிலும் கசகசாப் பூக்கள், பின்னால் தோட்டத்துக் கண்ணாடிக் கோளம். நடுவில் அம்மன் சிலை போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்தக் கரண்டிக் கைகள்தான், ஒரு பூந்தண்டைப் பிடித்திருக்கின்றன. வேலை செய்து செய்து விறைத்த கை, ஒரு பூவை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்திருக்கிறது.