கடை உடைபட முதல் அளவுக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம், சந்தியில் பதினொரு வருடமாக வாடகைக் கடையில் தைக்கிறேன். மாத வாடகை, ஒப்பந்தம் எழுதவில்லை. வீதி அகலிக்கப் போகினமாம் என்று சுவரில் சிவப்புப் பெயின்றால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எட்டுக் கடையும் உடைபடும், பின்னால் கட்டும் மாடிக் கடைத்தொகுதியில் இடம் தருவார்கள் என்று கதை. எனக்கு ஏதும் கிடைக்குமா, ஐயா?

பதில்: தங்கச்சி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு காணி எடுப்பதற்கான 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம், நட்டஈடு கேட்க உரித்துள்ளவர் யார் என்று சொல்லும் இடத்தில் குத்தகைக்காரரைச் சேர்த்து, மாத வாடகைக்காரரை விட்டுவிடுகிறது. அறிவித்தல் காணிக்காரருக்கு வரும், உங்களுக்கு வராது. இதற்குப் பயந்து இப்போது பழைய திகதி போட்டுக் குத்தகை எழுதிவிடாதீர்கள். பிடிபட்டால் இருக்கிற வாய்ப்பும் போய்விடும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அபிவிருத்தி வேலைகளால் இடம் இழப்போருக்காக 2001இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை, காணி உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வீதித் திட்டங்களில் வாடகை வியாபாரிகளையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பதுண்டு. ஆகவே யாருடைய பணத்தில் இந்த வேலை நடக்கிறது என்பதுதான் நீங்கள் முதலில் அறிய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் கடை நிற்பது வீதிக்கென ஒதுக்கிய காணியிலா, தனியார் காணியிலா? பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? புதிய கடைகளைக் கேள்விப்பத்திரம் (ரெண்டர்) மூலம் கொடுப்பார்களா, இப்போது இருப்பவர்களுக்கு முதலிடமா? பணம் யாருடையது என்பதோடு இந்த மூன்றையும் கேளுங்கள்.

பட்டியல் எடுக்க வருபவர் கேட்கப்போவது வருமானக் கணக்கு. காணி சுவீகரிப்புச் சட்டத்திலேயே வியாபார இழப்பை முந்திய மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். 'என்னட்டக் கணக்குப் புத்தகம் எங்க?' என்பீர்கள். மேசை லாச்சியில் கிடக்கும் அளவுக் கொப்பி என்ன? தோள், இடுப்பு, நீளம், பக்கத்தில் பிள்ளையின் பெயர், கொடுத்த திகதி, வாங்கிய கூலி. தை மாதத்தில் பள்ளிச் சீருடைத் துணிகள் குவிந்த பக்கங்களைப் பார்த்தாலே உங்கள் தொழில் தெரிந்துவிடும். பழைய கொப்பிகளை எரிக்காதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். மின்கட்டணச் சிட்டை, பிரதேச சபை வியாபார அனுமதிப்பத்திரம், வாடகை கொடுத்த துண்டு, கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போடுங்கள்.

இனி மாடி. உங்கள் தையல் மாடியிலும் பிழைக்கும் என்றே நினைக்கிறேன். அளவு கொடுத்தவர்கள் படியேறி வருவார்கள். பக்கத்துத் தேநீர்க்கடையும் சைக்கிள் திருத்துபவரும் மேலே போனால் பிழைக்க மாட்டார்கள். அவர்கள் போனால் உங்களுக்கும் குறையும். ரியூப் ஒட்டும் நேரத்தில் ஒரு தாய் துணியைத் தந்துவிட்டு, வேப்பமர நிழலில் பிளேன்ரி குடித்துக்கொண்டு நிற்கிறார் அல்லவா? அந்தச் சந்தியின் வியாபாரம் அந்த நிற்பில்தான் இருக்கிறது. 2009க்குப் பிறகு வெறும் தகரக் கொட்டில்களில் தொடங்கி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழும்பிய கடைகள் வன்னி முழுக்க இப்படித்தான் வேரூன்றின. அதை வரைபடத்தில் யாரும் குறிக்க மாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனவே தனித்தனியாக இடம் கேட்டுப் போகாதீர்கள். எட்டுப் பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து, பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். தேநீர், சைக்கிள், மரக்கறிக் கடைகளுக்கு வீதியைப் பார்த்த கீழ்த்தளம், வேப்பமரத்துக்கு விலக்கு, கட்டி முடியும்வரை தற்காலிகக் கொட்டிலுக்கு இடம் என்று தெளிவாகக் கேளுங்கள். வீதி மட்டம் உயர்ந்தால் மாரியில் தண்ணீர் வாசலுக்குள் வரும், ஆகவே கானுக்கு மூடியும் கேளுங்கள். கீழே இடம் மூன்றுதான் என்று சொன்னால், அதை அந்த மூவருக்கும் விட்டு நீங்கள் படிக்கு அருகில் மேலே ஒரு கடை எடுங்கள்.