கேளுங்க, பேசலாம்: கோச்சிங் இல்லாம நீட்டுக்கு எப்படி ப்ளான் பண்றது?

கேள்வி: அக்கா, நான் துறையூர் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன், பயோ-மேத்ஸ், தமிழ் மீடியம். நீட் எழுதி டாக்டராகணும்னு ஆசை. யூடியூப் பார்த்து காலைல 4 மணிலருந்து ராத்திரி 11 வரைக்கும் டைம்டேபிள் போட்டேன், ஒரு வாரம் கூட தாங்கல. பஸ் புடிச்சு வீட்டுக்கு வரவே ஆறு மணி ஆகிடுது. கோச்சிங் சேர வசதி இல்ல. என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த டைம்டேபிளை கிழிச்சுப் போடும்மா. அது ஸ்கூலுக்கே போகாம ஹாஸ்டல்ல உக்காந்து படிக்கிறவங்களுக்குப் போட்டது. ஆறு மணிக்கு வர்ற உனக்கு ரெண்டரை மணி நேரம் கெடைச்சாலே பெரிசு, அதை வச்சு கணக்குப் போடு. அப்புறம், மணியை எழுதாத, வேலையை எழுது. ‘7 டு 8 பிசிக்ஸ்’னு எழுதினா புக்கை தொறந்து வச்சுட்டு உக்காந்திருந்தாலும் டிக் அடிச்சுடுவ, ‘எறிபொருள் கணக்கு பத்து’ன்னு எழுதினா முடிஞ்சுதா இல்லையான்னு உனக்கே தெரிஞ்சுடும்.

நீட் மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். அதுல பயாலஜி மட்டும் 90 கேள்வி, 360 மார்க், அதாவது சரிபாதி. அதனால தாவரவியல், விலங்கியல் ரெண்டையும் தினமும் தொடு. இதயம் பாடம் படிச்சியா, புக்கை மூடிட்டு வெத்துப் பேப்பர்ல நாலு அறையும் வால்வும் வரைஞ்சு பேர் எழுதிப் பாரு, எங்க முழிக்கிறியோ அதை மட்டும் திரும்பப் படி. ப்ளஸ் ஒன் பாடத்தை அசால்ட்டா விடாத, கிட்டத்தட்ட பாதி கேள்வி அதுலருந்துதான் வருது, பல பேர் கோட்டை விடறது இங்கதான். கேள்விகள் மத்திய அரசோட என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை ஒட்டியே வர்றதால ஸ்கூல் லைப்ரரில அந்த புக் இருந்தா வாங்கி நம்ம சமச்சீர் புக்கோட ஒப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் நோட்ல ஏத்திக்கோ. தமிழ்லயே பரீட்சை எழுதலாம், ஆனா மொழிபெயர்ப்புல குழப்பம் வந்தா இங்கிலீஷ் கேள்விதான் செல்லும், அதனால ரெண்டு மொழிலயும் கலைச்சொல்லைத் தெரிஞ்சு வச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமை மதியம் 2 மணிலருந்து 5 மணி வரைக்கும் பழைய கேள்வித்தாள் ஒண்ணை வச்சு எழுது. நிஜ பரீட்சையும் அதே நேரம்தான், சாப்டுட்டு கண்ணு சொக்குற நேரம், அது இப்பவே பழகணும். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 மைனஸ், அதனால சும்மா குத்துமதிப்பா ஷேட் பண்ற பழக்கம் வேணாம். கால்குலேட்டர் கெடையாது, பெருக்கல் வகுத்தல் கையாலதான்.

எழுதி முடிச்சதும் மார்க்கை எண்ணிட்டு மூடி வச்சுடாத. தப்பானது ஏன் தப்பாச்சுன்னு தனி நோட்ல எழுது: பாடமே தெரியலையா, சென்டிமீட்டரை மீட்டரா மாத்தலையா, இல்ல ‘தவறான கூற்று எது’ன்னு கேட்டதுக்கு சரியானதை டிக் பண்ணிட்டியா. மூணாவது ரகத்தை சரி பண்ண புதுசா ஒரு வரி கூட படிக்க வேணாம் பாரு!

ப்ளஸ் டூ போர்டு எக்ஸாமையும் விட்டுடாத. அது மார்ச்ல, நீட் மே மாசம். கால்நடை மருத்துவம், அக்ரி ரெண்டுக்கும் நம்ம மாநிலத்துல ப்ளஸ் டூ மார்க்தான். ஆறாவதுலருந்து கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு, அதுல எம்பிபிஎஸ் சீட் கெடைச்சா ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது. இதை வீட்ல அப்பா அம்மாகிட்ட இப்பவே சொல்லிடு.

கேள்வி: பையன் ப்ளஸ் ஒன். அண்ணா யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் சேரணும்ங்கறான். ஜேஇஇ கோச்சிங்ல சேத்துவிடணுமா மேடம்?

பதில்: அதுக்கு ஜேஇஇ தேவையே இல்லைங்க. தமிழ்நாட்டு கவுன்சிலிங்குக்கு ப்ளஸ் டூ மார்க்தான், மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட்-ஆஃப். திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடின்னு அவனே கேட்டா அப்ப ஜேஇஇ பத்தி யோசிங்க. இல்லைனா அந்தக் காசு ஹாஸ்டல் ஃபீஸுக்கு ஆகும்.