ஆட்லி ஹாரிசன் வெறும் வாய்ச்சவடால் பேர்வழியா? வாசகர் கேள்வி பதில்

பிரிட்டிஷ் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

கே: அப்போதைய உலக சாம்பியன் டேவிட் ஹேயிடம் ஆட்லி ஹாரிசன் தோற்ற சண்டையை இப்போதுதான் பார்த்தேன். மூன்று ரவுண்டிலும் சேர்த்து ஒரே ஒரு குத்துதானாமே! இவரைப் போய் ஒலிம்பிக் சாம்பியன் என்கிறார்களே, எப்படி?

ப: அவர் விட்ட குத்துகள் இன்னும் கொஞ்சம் உண்டு, ஹேயின் மேல் பட்டதுதான் ஒன்று. அதுவும் ஒரு ஜாப், முன்கையால் நேராக விடும் சின்னக் குத்து. சிரிக்க வேண்டிய கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சண்டை நடந்தது 2010 நவம்பரில், அப்போது அவருக்கு வயது 39. நீங்கள் கேட்கும் ஒலிம்பிக் சாம்பியன் அதற்குப் பத்து வருஷம் முந்தைய ஆள்.

2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் அனுப்பியதே இரண்டு குத்துச்சண்டை வீரர்களைத்தான். ஒருவர் கோர்ட்னி ஃப்ரை, இன்னொருவர் ஹாரிசன். அப்போது அந்த நாட்டு அமெச்சூர் குத்துச்சண்டை இருந்த லட்சணம் அது. ஆறடி ஐந்து அங்குல உயரம், இடது கைக்காரர், லண்டன்காரர், இளவயதில் சிறைக்குப் போய் வந்து, பிறகு புரூனெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் வாங்கியவர். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் சிட்னிக்கே போனார். அங்கே ரஷ்யாவின் லெசின், உக்ரைனின் மசிகின், இத்தாலியின் விடோஸ் என்று வரிசையாகத் தாண்டி, இறுதிச் சண்டையில் கஜகஸ்தானின் தில்தாபெகோவை 30-16 என்று வென்றார். 1968இல் மெக்சிகோவில் கிறிஸ் ஃபின்னெகன் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, 32 வருஷம் கழித்து, பிரிட்டனுக்குக் குத்துச்சண்டையில் கிடைத்த முதல் தங்கம். சூப்பர் ஹெவிவெயிட்டில் அந்த நாட்டுக்கு அதுதான் முதல் தங்கமே. அதை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

கே: அமெச்சூரில் அப்படி ஜொலித்தவர் தொழில்முறைக்கு வந்ததும் ஏன் சொதப்பினார்? பயமா, சோம்பேறித்தனமா?

ப: பயந்தாங்கொள்ளி என்று பிரிட்டிஷ் ரசிகர்கள் பலர் சொல்வார்கள். ‘ஃபிராடு’ என்பதை ஆட்லியோடு ஒட்டி ‘ஃபிராட்லி’ என்று பட்டப்பெயரே வைத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பைக் கவனிக்காத ஆள் என்றும் சொல்ல முடியாது. அவர் விஷயத்தில் கெட்டுப்போனது வேறு.

முதலில் ஆட்டமே வேறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சிட்னியில் இரண்டு நிமிஷம் கொண்ட நான்கு ரவுண்டுகள், தலையில் கவசம். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. தொட்டுவிட்டுத் தள்ளி நில், திருப்பி வாங்காதே என்பதுதான் அதில் வித்தை. ஓங்கி ஒரு அடி விட்டு ஆளை நிலைகுலைய வைத்தாலும் ஒரு புள்ளிதான், லேசாகத் தட்டினாலும் ஒரு புள்ளிதான். உயரமும் நீளக் கையும் உள்ள இடது கைக்காரருக்கு இதைவிட வசதியான விதி கிடையாது. தொழில்முறையில் கவசம் இல்லை, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம், பெரிய சண்டை என்றால் பன்னிரண்டு ரவுண்டு. எட்ட நின்று தொட்டுக்கொண்டிருந்தால் ஏழாவது, எட்டாவது ரவுண்டில் எதிராளி உள்ளே புகுந்து விலாவில் போடுவான். இந்த மாற்றத்தைப் பலர் கடந்திருக்கிறார்கள், ஆனால் இருபது வயதிலோ இருபத்திரண்டிலோ தொடங்கி, சண்டைகளை ஏற்பாடு செய்யும் கண்டிப்பான ஒரு புரமோட்டர் கையில் இருந்து, படிப்படியாகக் கடினமான ஆட்களோடு மோதித்தான் கடந்தார்கள்.

ஹாரிசன் தொழில்முறையில் இறங்கியபோது வயது 29. யாருக்குக் கீழும் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லி, ஏ-ஃபோர்ஸ் என்று தானே ஒரு கம்பெனி தொடங்கினார். பிபிசியோடு பத்து சண்டைக்குப் பத்து லட்சம் பவுண்ட் ஒப்பந்தம் என்று அப்போது செய்தி வந்தது. குத்துச்சண்டை வியாபாரத்தில் வீரர்களைச் சுரண்டிப் பிழைத்தவர்கள் நிறைய என்பதால், அவர் எடுத்த முடிவு கொள்கையாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் தன் எதிராளியைத் தானே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைக்கு வந்தால் எந்த மனிதன் கஷ்டமான ஆளைத் தேடிப் போவான்? 2001 மே மாதம், வெம்பிளியில் முதல் சண்டை. எதிரே நின்றவர் மைக் மிடில்டன், ஃபுளோரிடாவில் தனியார் துப்பறிவாளர். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. முதல் சண்டைக்கு அப்படி ஒரு ஆளைக் கொண்டுவருவது வழக்கம்தான், குற்றமில்லை. ஆனால் அப்புறமும் கிட்டத்தட்ட அதே கதைதான், ஊர் பேர் தெரியாதவர்கள், உடம்பு பெருத்தவர்கள், காசுக்கு விழுந்துவிட்டுப் போகிறவர்கள். பிரிட்டனின் ஹெவிவெயிட் உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸுக்கு வாரிசு கிடைத்தார் என்று லட்சக்கணக்கில் டிவி முன்னால் உட்கார்ந்த மக்கள் வரி கட்டிப் பார்க்கும் சேனலில் இதைப் பார்த்தால் கடுப்பாகாமல் என்ன செய்வார்கள்? இடையில் 2004இல் டபிள்யூபிஎஃப் என்ற ஒரு சின்ன அமைப்பின் பெல்ட்டை வாங்கி உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டார். அந்த பெல்ட்டை வைத்து அவரை யாரும் உலக சாம்பியனாக மதிக்கவில்லை. பிபிசியும் கழன்றுகொண்டது.

கடைசியில் 2005 டிசம்பரில் 19 சண்டை, 19 வெற்றி என்ற கணக்கோடு டேனி வில்லியம்ஸ் முன்னால் நின்றார். அதற்கு முந்தைய வருஷம்தான் மைக் டைசனை விழ வைத்திருந்தார் வில்லியம்ஸ். ஹாரிசனுக்கு முதல் நிஜமான பரீட்சை என்றால் அதுதான், அப்போது அவருக்கு 34 வயது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் ரவுண்டுகளை ஓட்ட, கூட்டம் ஊளையிட்டது. பத்தாவது ரவுண்டில் ஹாரிசன் கீழே விழுந்தார், எழுந்து முடித்தார், புள்ளியில் தோற்றார். பத்தொன்பது சண்டையில் கற்காததை அந்த ஒரு ராத்திரியில் எங்கே கற்பது!

கே: அப்போ சொந்தமாக புரமோட் செய்ததுதான் தப்பு என்கிறீர்களா? அந்தோணி ஜோஷுவாவும் அதே தங்கம் வாங்கியவர்தானே?

ப: ஒப்பிட்டால் விஷயம் சட்டென்று விளங்கும். ஜோஷுவா 2012 லண்டனில் அதே எடைப் பிரிவில் தங்கம் வாங்கியபோது வயது 22. மேட்ச்ரூம் என்ற புரமோஷன் நிறுவனத்தில் சேர்ந்தார், யாரோடு எப்போது மோதுவது என்பதை அந்தத் தொழில் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள், 2016 ஏப்ரலில் 26 வயதில் ஐபிஎஃப் உலகப் பட்டம் வந்துவிட்டது. ஹாரிசன் அந்த வயதில் இன்னும் அமெச்சூர்தான். வயது பாதிக் காரணம் என்றால், பக்கத்தில் நின்று ‘போதும், இனி நிஜ ஆளோடு மோது’ என்று அதட்ட யாரும் இல்லாதது மீதிக் காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். ஹாரிசன் வாங்கிய தங்கத்துக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அமெச்சூர் குத்துச்சண்டைக்கு லாட்டரி நிதி ஒழுங்காக வர ஆரம்பித்தது, ஷெஃபீல்டில் முழுநேரப் பயிற்சி முகாம் அமைந்தது. இரண்டே பேரை அனுப்பிய நாடு 2012இல் மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கம் வாங்கியது. ஜோஷுவா உட்கார்ந்து சாப்பிட்ட பந்திக்கு இலை போட்டதில் ஹாரிசனுக்கும் பங்கு உண்டு.

கே: ஹேயோடு நடந்தது செட்டப் சண்டையா?

ப: இல்லை. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அவருடைய சம்பளத்தை நிறுத்திவைத்து விசாரித்தது, பிறகு கொடுத்துவிட்டது. நான் பார்த்தவரை அங்கே நடந்தது இதுதான். மான்செஸ்டரில் அரங்கம் நிறையக் கூட்டம், இது என் விதி என்று பல மாதமாகச் சவால் விட்ட ஹாரிசன், மணி அடித்ததும் வலது கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறார். தோளைக் கவனியுங்கள், இடது கையை விடப்போவதுபோல ஒரு அசைவு வரும், வந்த வேகத்தில் அடங்கிவிடும். தன்னைவிட வேகமான ஆளைத் தப்பாகக் குறிவைத்தால் என்ன வாங்குவோம் என்று அவருக்குத் தெரியும், அந்த யோசனையே கையைக் கட்டிப்போட்டது. இரண்டு ரவுண்டு ஹேயும் சும்மா சுற்றினார். மூன்றாவதில் பாய்ந்தார், ஹாரிசன் விழுந்தார், எழுந்தார், மறுபடி அடிமழை, நடுவர் நிறுத்தினார். காசு கட்டிப் பார்த்தவர்களின் கோபம் நியாயம்தான். ஆனால் செட்டப் என்றால் இதைவிட நன்றாக நடித்திருப்பார்கள்.

கே: இன்னொரு பிரிட்டிஷ் ஹெவிவெயிட்டான டேவிட் பிரைஸும் இதே ரகமா?

ப: இல்லை. பிரைஸ் நிஜமான ஆட்களோடு மோதித்தான் தோற்றார். அவருக்கு அடி தாங்கும் தெம்பு குறைவு, அவ்வளவுதான்.

கே: ஹேயிடம் அப்படித் தோற்ற பிறகாவது நிறுத்தியிருக்கலாமே. எது அவரைத் தடுத்தது?

ப: நடுநடுவே ஜெயித்துக்கொண்டிருந்தார், அதுதான். பிரைஸ்ஃபைட்டர் என்று ஒரே ராத்திரியில் மூன்று சண்டை ஜெயிக்க வேண்டிய போட்டி ஒன்று உண்டு. 2009இல் அதை வென்றுதான் ஹேய் வரைக்கும் போனார். 2012 அக்டோபரில் லிவர்பூலில் இதே பிரைஸ் அவரை 82 விநாடியில் முடித்தார். சரி, இதோடு விடுவார் என்று பார்த்தால், 2013 பிப்ரவரியில் மறுபடி பிரைஸ்ஃபைட்டரை ஜெயித்துவிட்டார்! அந்த நம்பிக்கையில் ஏப்ரலில் ஷெஃபீல்டில் டியான்டே வைல்டர் முன்னால் போய் நின்றார். அதுவரை மோதிய எல்லாரையும் நாக் அவுட் செய்தவர் வைல்டர். 70 விநாடி. ஹாரிசனுக்கு அப்போது 41 வயது.

ஓய்வு என்றார், திரும்ப வருகிறேன் என்றார், 2015இல்தான் உறுதியாக விலகினார். தலையில் வாங்கிய அடிகளால் மூளையில் பாதிப்பு, பார்வைக் கோளாறு, தலைச்சுற்றல் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ‘ஃபிராட்லி’ என்று கத்தியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. மொத்தம் 38 சண்டை, 31 வெற்றி, அதில் 23 நாக் அவுட், 7 தோல்வி.

கே: அவருடைய தொழில்முறை சண்டைகளில் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ப: 2010 ஏப்ரல், அலெக்சாண்ட்ரா பேலஸ், மைக்கேல் ஸ்ப்ராட், ஐரோப்பிய பட்டம். இதே ஸ்ப்ராட்டிடம் 2007இல், முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே தள்ளிவிட்டு, மூன்றாவதில் மல்லாந்தவர் ஹாரிசன். பழிவாங்க வந்த சண்டையிலும் வழக்கம்போலத் தயங்குகிறார், நடுவே காயம் வேறு, ஒரு கையை ஒழுங்காக விடவே முடியவில்லை, புள்ளியில் பின்தங்கிவிட்டார். பன்னிரண்டாவது ரவுண்டில் மூலையில் இருந்து எழுந்து வரும்போது அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். அப்புறம் அந்த இடது கை. ஸ்ப்ராட் மூர்ச்சையாகி விழுகிறார். அதே கையை ஹேயிடம் ஒரு தரமாவது விட்டுப் பார்த்திருக்கலாமே என்று எரிச்சல் வரும். முதல் பதினொரு ரவுண்டை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் குடி முழுகிப்போகாது.