எட்டு நாளில் லாகோஸ்: மஞ்சள் அட்டையை ஏஜென்ட்டிடம் வாங்கலாமா?

கேள்வி: மகனுக்குக் கப்பல் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு நாளில் நைஜீரியாவின் லாகோஸில் சைன் ஆன், அதாவது கப்பலேறி வேலையில் சேரவேண்டும். ஊசி போட நேரமில்லை, ஏழாயிரம் கொடுத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். 2012-இல் ஊசி போட்ட என் தம்பியின் அட்டையும் காலாவதியாம். இரண்டு பேருக்கும் வாங்கிவிடவா?
- ஒரு தாய், கடியப்பட்டணம்

பதில்: வேண்டாம் அம்மா. ஒன்றுகூட வாங்காதீர்கள்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். எட்டு நாளில் கிளம்புகிறவருக்கு அட்டை தருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? ஊசியும் கிடையாது, தேதியும் பொய். மாட்டுவது ஏஜென்ட் அல்ல, உங்கள் மகன். அங்கே தப்பினாலும், செல்லும்படியான அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே ஏராளம், நோய்தான் இன்னும் வரவில்லை. அதனால்தான் இத்தனை கெடுபிடி. அது போகட்டும், இந்த நோய்க்கென்று தனி மருந்தே கிடையாது. ஊசி போடாத பிள்ளையைக் கொசு கடித்தால் அட்டை வந்து காப்பாற்றுமா?

தம்பி விஷயத்தில் ஏஜென்ட் சொன்னது சுத்தப் பொய். 2016 ஜூலை 11 முதல் இந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். அதற்கு முன் போட்டவர்களுக்கும் அதே விதிதான். பத்து வருடம் என்று அச்சடித்திருந்தாலும் சரி, பேனாவில் எழுதியிருந்தாலும் சரி, 2012 அட்டை செல்லும். மறுபடி ஊசி வேண்டாம், புது அட்டையும் வேண்டாம். அந்தத் தேதியைத் திருத்தவும் கூடாது. அடித்துத் திருத்தினால் நல்ல அட்டையே செல்லாமல் போய்விடும். 'பத்து வருடம் முடிந்துவிட்டது' என்று பயமுறுத்தியே கொளச்சல் முதல் முட்டம் வரை காசு பார்க்கிறார்கள்.

இந்த ஊசி மருந்துக்கடையிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ கிடைக்காது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். நமக்குத் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. போன் செய்து நாள் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். மருந்து பொடியாக வரும். பலருக்கு ஒரே குப்பி. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரம்தான், மீதியைக் கொட்டவேண்டும். ஆகவே ஆள் சேர்த்து, நாள் குறித்துத்தான் போடுவார்கள். அதுவரை நியாயம். ஆனால் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டிப் பிழைக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களை ஒரு ஊசிக்காக இப்படிப் பஸ் ஏறவைப்பதில் என்ன நியாயம்? ஏஜென்ட்டுகள் கொழுப்பது இந்த இடைவெளியில்தான்.

முட்டை அலர்ஜி, வேறு நோய், தினசரி மாத்திரை எதுவானாலும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லட்டும். அட்டை கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் பார்க்கவேண்டும்: பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, மருந்தின் பேட்ச் எண், டாக்டர் கையெழுத்து, மையத்தின் முத்திரை இருக்கின்றனவா? இனிஷியல் இடம் மாறியிருந்தால் அங்கேயே சொல்லிச் சரியாக எழுதி வாங்கட்டும், தானே திருத்தக்கூடாது.

சைன் ஆன் தேதியைத் தள்ளிக் கேட்க ஏஜென்ட்டை நம்பவேண்டாம். ஊசி போட்டு, அட்டையைப் படமெடுத்து, மகனே கம்பெனிக்கு நேராக மெயில் அனுப்பட்டும்.