பூட்டான்: தபால்தலை முதல் முகமூடி வரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இமயமலை நாடுகளைப் பற்றிய கட்டுரையில், பூட்டானைப் ‘பண்பாட்டையே வெளியுறவுத் துறையாக வைத்திருக்கும் நாடு’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அமெரிக்காவோடும் சீனாவோடும் தூதரக உறவே கிடையாது. மகிழ்ச்சிக் குறியீடு என்பது சுற்றுலா விளம்பரம் என்றுதான் நினைக்கிறேன். முகமூடி நடனமும் பட்டு உடையும் ஒரு நாட்டுக்கு என்ன பெற்றுத் தந்துவிடும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அடுத்த ஆண்டு அண்டை நாடுகளின் கலைவிழா நடத்துகிறோம். பூட்டான் நடனக் குழுவை அழைத்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கி., ஈரோடு

அன்புள்ள கி.,

முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் உண்டு: சிக்கிம். 1950இல் இமயமலையில் மூன்று பௌத்த அரசுகள் இருந்தன. திபெத்தை 1951இல் சீனா தன்னோடு இணைத்தது. சிக்கிம் 1975இல் இந்தியாவின் 22ஆவது மாநிலம் ஆனது. எஞ்சியது பூட்டான் மட்டுமே. அதன் கையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது. வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்போம் என்று 1949 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவில் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த வாசகம் 2007இல்தான் மாற்றப்பட்டது. படையும் பணமும் இல்லாத நாடு, ‘நாங்கள் வேறு நாடு’ என்பதை வெளியுலகம் மறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குக் கைவசம் இருந்த கருவி பண்பாடுதான்.

முதலில் வெளியே போனது தபால்தலை. 1962இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தவர் பர்ட் டாட் என்ற அமெரிக்கர், அரச குடும்பத்தின் நண்பர். முப்பரிமாணத் தபால்தலை, எஃகுத் தகட்டில் அச்சிட்டது, பட்டுத்துணியில் அச்சிட்டது, ரோஜா மணம் வீசுவது என்று வரிசையாக வந்தன. 1970களின் தொடக்கத்தில் வந்தவை இசைத்தட்டுத் தபால்தலைகள். பின்புறத் தாளை உரித்தால் உறையில் ஒட்டலாம், ஒட்டாமல் கிராமபோனில் வைத்தால் பூட்டானின் தேசிய கீதமும் நாட்டுப்பாடலும் கேட்கும். தீவிரத் தபால்தலைச் சேகரிப்பாளர்கள் அன்று இவற்றை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் உலக வரைபடத்தில் பூட்டானைக் காட்டத் தெரியாத பல்லாயிரம் பேரின் ஆல்பத்தில் அந்த நாட்டின் பெயரும் கொடியும் அரசர் முகமும் ஏறின. நுழைந்த அமைப்புகளின் வரிசையையும் பாருங்கள். 1962இல் ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் கொழும்புத் திட்டம், 1969இல் உலக அஞ்சல் ஒன்றியம், 1971இல் இந்தியாவின் ஆதரவோடு ஐ.நா. சபை. சிக்கிமுக்கு இந்த நாற்காலிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. சிக்கிமின் கதை வேறு காரணங்களாலும் முடிந்தது, உண்மைதான். என்றாலும் ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றை மாநிலமாக்குவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

தூதரகம் இல்லாததைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அது திட்டமிட்ட ஒதுக்கம். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எதனோடும் பூட்டான் தூதரக உறவு வைத்துக்கொண்டதில்லை. ஒரு வல்லரசுக்குக் கதவைத் திறந்தால் இன்னொன்றுக்கும் திறக்க வேண்டிவரும், இடையில் இருக்கும் இந்தியாவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். தூதர் போகாத அந்த இடங்களுக்குத்தான் கோயிலும் ஓவியமும் போகின்றன. 2008இல் வாஷிங்டனில் நடந்த ஸ்மித்சோனியன் நாட்டார் விழாவுக்காகப் பூட்டான் கைவினைஞர்கள் ஒரு சிறு கோயிலையே கட்டினார்கள். அது இப்போது டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ஏன் அங்கே என்றால், பூட்டான் கோட்டைகளைப் பற்றி 1914இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்த படங்களைப் பார்த்து, சாய்ந்த சுவரும் உள்வாங்கிய சன்னலுமாக 1917 முதல் அங்கே கட்டடங்கள் எழுந்தன. பூட்டானில் கோட்டைகளுக்கும் சமயக் கட்டடங்களுக்கும் மட்டுமே உரிய மேற்சுவர்ச் செம்பட்டையை அங்கே வகுப்பறைகளுக்கும் போட்டுவிட்டார்கள். பூட்டான் கோபிக்கவில்லை, உறவு கொண்டாடியது.

கண்காட்சிகளிலும் தனி வழக்கம் உண்டு. 2008இல் ஹவாயின் ஹொனலூலுவில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் போன புனிதக் கலைக் கண்காட்சியில் இருந்த படிமங்களும் துணி ஓவியங்களும் பெரும்பாலும் மடங்களில் அன்றாட வழிபாட்டில் இருந்தவை. அதனால் துறவிகளும் கூடவே பயணம் செய்து, காட்சிக்கூடத்திலேயே தினமும் சடங்குகளைச் செய்தார்கள். உற்சவர் வெளியூர் போனால் அர்ச்சகரும் கூடப் போவதைப் போலத்தான் இதுவும். ‘இது அருங்காட்சியகப் பொருள் அல்ல’ என்பதை விளக்கப் பலகை வைத்துச் சொல்வதைவிட இது நன்றாக எடுபடும்.

மகிழ்ச்சிக் குறியீடு வெறும் விளம்பரம் என்பது பாதி சரி. உள்நாட்டில் அது நிஜமான கணக்கெடுப்பு. ஒன்பது துறைகள், 33 குறிகாட்டிகள். எடையிட்ட குறிகாட்டிகளில் 66 விழுக்காட்டில் ஒருவர் போதுமான நிலையை எட்டினால் அவர் ‘மகிழ்ச்சியானவர்’. பதின்மூன்று மரபுக் கைவினைகளில் எத்தனை தெரியும், தாய்மொழி பேச வருமா, மரபு ஒழுக்கமுறையைக் கடைப்பிடிக்கிறாரா என்பவையும் மதிப்பெண்ணில் சேரும். ஆக, மகிழ்ச்சியை அளக்கும் அதே கோல் பண்பாட்டுக்குக் காவலும் நிற்கிறது. வெளிநாட்டுக்குப் போகும்போது இதெல்லாம் உதிர்ந்து, ‘உலகின் மகிழ்ச்சியான நாடு’ என்ற ஒரு வரிதான் மிஞ்சுகிறது.

அந்த வரியின் விலை எவ்வளவு என்று 2012இல் தெரிந்தது. ஏப்ரலில் ஐ.நா.வில் மகிழ்ச்சி பற்றிய உயர்மட்டக் கூட்டத்தைப் பூட்டான் நடத்தியது. ஜூனில் மார்ச் 20 உலக மகிழ்ச்சி நாளாக அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் பாதுகாப்புச் சபையின் தற்காலிக இடத்துக்குப் போட்டியிட்டபோது தென்கொரியாவுக்கு 116 வாக்கு, கம்போடியாவுக்கு 62, பூட்டானுக்கு 20. கைதட்டியவர்கள் வாக்களிக்கவில்லை. அதே ஜூனில் ரியோவில் பூட்டான் பிரதமர் சீனப் பிரதமரைச் சந்தித்திருந்தார். மறு ஆண்டு ஜூலையில், பூட்டான் தேர்தலுக்குச் சற்று முன்பு, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்குமான இந்திய மானியம் நின்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்பியவர்கள் தலைநகர் திம்புவில் குறைவு. ஆளுங்கட்சி தோற்றது, மானியம் திரும்பி வந்தது. பண்பாடு ஒரு நாட்டுக்கு அடையாளத்தை வாங்கித் தரும். அடுப்புக்கு எரிவாயு வாங்கித் தராது.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் பூட்டானைப் புகழ்வது சரியில்லை. வெளிநாட்டு மேடையில் நாம் ரசிக்கும் அதே உடையும் ஒழுக்கமுறையும் 1989இல் எல்லாக் குடிமக்கள் மீதும் கட்டாயமாக்கப்பட்டன. தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழிக்காரர்களின் மொழி பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1985 குடியுரிமைச் சட்டமும் 1988 கணக்கெடுப்பும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நேபாள அகதி முகாம்களுக்குத் தள்ளின. 2007 முதல் அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ‘ஒரே பண்பாடு’ என்று வெளியே காட்டும் படத்தின் சட்டகத்துக்குள் இவர்கள் இல்லை.

இனி உங்கள் விழா. முகமூடி நடனம் முற்றத்துக்கு உரியது, வட்டமாக ஆடுவது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள திராமெட்சே முரசு நடனத்துக்கு ஆடுபவர் 16 பேர், வாத்தியக்காரர் 10 பேர். கல்லூரிக் கலையரங்கில் இத்தனை பேர் முட்டிக்கொள்வார்கள். உயரமான மேடையைத் தவிர்த்து, திறந்தவெளியில் மூன்று பக்கமும் பார்வையாளர்களை உட்கார வையுங்கள். மர முகமூடியின் கண் வழியாக ஆடுபவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது, முகமூடியின் வாய்த் துளை வழியாகத்தான் பார்ப்பார். எனவே புகை இயந்திரமும் மினுக்கும் விளக்கும் வேண்டாம். வெறுங்காலில் சுழன்று குதிப்பார்கள் என்பதால் பளபளக்கும் டைல்ஸ் தரை ஆபத்து. தாளத்தைக் கையில் வைத்திருப்பவர் ஜால்ராக்காரர். ஒலிபெருக்கி ஆள் மைக்கை அவருக்கு அருகே வைக்க வேண்டும், பதிவுசெய்த இசையைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. துறவிகள் மட்டும் ஆடுபவற்றைக் கேட்காமல், மற்றவர்களும் ஆடக்கூடியவற்றில் பதினைந்து நிமிடப் பகுதியைக் கேளுங்கள். முகமூடியைத் தரையில் வைப்பதும் மாணவர்கள் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதும் கூடாது. இடையில் வரும் கோமாளி மரத்தாலான ஆண்குறியோடு வருவது அங்கே மரபு. முதல்வரிடம் முன்பே சொல்லிவையுங்கள், அல்லது குழுவிடம் பேசி முடிவெடுங்கள்.

பொன்னாடை விஷயத்தில்தான் நம்மவர்கள் சறுக்குவார்கள். பூட்டான் ஆண்கள் சடங்கு நேரத்தில் இடத்தோளிலிருந்து அணியும் துண்டின் நிறம் பதவியைச் சொல்லும். மஞ்சள் அரசருக்கும் தலைமைத் துறவிக்கும் மட்டும். ஆரஞ்சு அமைச்சருக்கு, நீலம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, பச்சை நீதிபதிக்கு, வெள்ளை பொதுமக்களுக்கு. தூதரக அதிகாரிக்கு நம் வழக்கப்படி மஞ்சள் பட்டுச் சால்வையைப் போர்த்தினால் மனிதர் நெளிந்துபோவார். இரு கைகளாலும் நீட்டும் வெள்ளைப் பட்டுத் துண்டு போதும்.

அழைப்பை டெல்லித் தூதரகத்துக்கோ கொல்கத்தாவில் உள்ள துணைத் தூதரகத்துக்கோ கல்லூரியின் பெயரில் எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபரில் திம்புவிலும் மார்ச், ஏப்ரலில் பாரோவிலும் பெருவிழா நடக்கும். அந்த மாதங்களில் நல்ல குழு எதுவும் கிடைக்காது.