மரத்தடியில் கிடக்கும் இலைக்கு 180 ரூபாயா?

கேள்வி: அலங்கார இறால் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குப் போட பத்து நாட்டுப் பாதாம் இலை 180 ரூபாய் என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? (பர்கூர்)

வேண்டாம். பழுத்துத் தானாக விழுந்த இலையை மரத்தடியில் பொறுக்கி, கழுவி, நிழலில் காயவையுங்கள். போதும்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அந்த மல்பெரித் தழையை இறாலுக்குப் போடலாமா? (பாலக்கோடு)

தாராளமாக. புழுவுக்கு வெட்டும் அன்றைக்கே செடியிலிருந்து நேராக வாங்குங்கள். மருந்தின் வீரியம் போகாத தழையைப் புழுவுக்குப் போட மாட்டார்கள், நமக்கு அதுதான் உத்தரவாதம். புழுப் படுக்கையில் மிஞ்சியதை மட்டும் எடுக்காதீர்கள். அதில் சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் தூவியிருப்பார்கள்.

நன்றாக அலசி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்துப் போடுங்கள். இலை மிதக்காமல் அடியில் தங்கும். சின்னத் தொட்டிக்கு அரை இலை போதும். மறுநாள் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள், தண்ணீர் கெட்டுப்போகும். காய்ந்த பாதாம் இலையை அப்படி எடுக்க வேண்டாம். மேலே படியும் நுண்ணுயிர்ப் படலத்தைத்தான் இறால் முதலில் மேயும், நரம்பு மட்டும் மிஞ்சும்வரை கிடக்கட்டும்.

கேள்வி: மாந்தோப்பு ஓரத்துக் கொய்யா இலையைப் போட்டேன். மருந்து அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இறால் எல்லாம் செத்துவிட்டது. இறால் விற்ற கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (காவேரிப்பட்டணம்)

அவர் ஏன் தர வேண்டும்? பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். மருந்து அடித்தது தெரிந்தும் போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: 'இயற்கை இலைத்தூள்' பொட்டலம் 250 ரூபாய்க்கு வாங்கினேன். போட்ட அன்றே முப்பது செர்ரி இறால் செத்தன. பொட்டலத்தில் பெயரே இல்லை. நான் கல்லூரி மாணவன். (தர்மபுரி)

தம்பி, உங்கள் மேல் தவறில்லை. நானும் ஒருமுறை பெயரில்லாத பொட்டலத்தில் இலைத்தூள் வாங்கி ஒரு தொட்டி இறாலையும் இழந்தேன். என்ன இலை, எந்த மாதம் பொட்டலம் கட்டியது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. முழு இலையைப் பார்த்தால் என்னவென்று தெரியும். தூளாக்கிவிட்டால் வேப்பிலை கலந்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பொட்டலம் கட்டி விற்கும் பொருளில் கட்டியவர் பெயர், முகவரி, எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. மீன் கடைகளில் இதை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்டால்தான் இந்த விற்பனை நிற்கும்.

பொட்டலம், ரசீது, செத்த இறாலின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: இலை போட்டதும் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. மாற்றவா? (ஊத்தங்கரை)

வேண்டாம், அது இலைச் சாயம். இறாலுக்குக் கெடுதல் இல்லை.